பிள்ளை வரவில்லை என்றால் அடுத்து என்ன?

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். பிள்ளை பள்ளிக்கு வராத நாளில் வீட்டுக்கு எப்படித் தகவல் போகிறது என்பதை இந்த மாதம் படமாக வரைந்து பார்த்தோம். பிளஸ் ஒன் கணினி அறிவியலில் பிள்ளைகள் படிக்கிற பாய்வுப்படம்தான். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நீள்வட்டம், செய்கிற வேலைக்குச் செவ்வகம், ஆம் இல்லை என்று பிரிகிற இடத்தில் சாய்சதுரம், இடையே அம்புக்குறிகள். ஒரு வேலையை இப்படிப் படிப்படியாக வரைந்து ஆராயும் முறையை 1921-லேயே ஃபிராங்க், லில்லியன் கில்பிரெத் தம்பதியர் அமெரிக்கப் பொறியாளர்கள் முன் வைத்தார்கள்.

வகுப்பாசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் பிளஸ் ஒன் மாணவர்களும் சேர்ந்து உட்கார்ந்து சார்ட் பேப்பரில் வரைந்தார்கள். நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். எப்படி நடக்க வேண்டும் என்று வரையாதீர்கள், இன்று எப்படி நடக்கிறதோ அதை அப்படியே வரையுங்கள் என்றேன். விதிமுறையை வரைந்தால் படம் அழகாக வரும், ஓட்டை எதுவும் தெரியாது.

காலையில் வருகைப் பதிவு. பெயரைக் கூப்பிட்டால் பிள்ளை இல்லை. 'விடுப்பு சொல்லியிருக்கிறார்களா?' என்று ஒரு சாய்சதுரம். ஆம் என்றால் வேலை முடிந்தது. இல்லை என்றால் வீட்டுக்கு போன். அப்புறம் 'போனை எடுத்தார்களா?' என்று இன்னொரு சாய்சதுரம். அதற்கும் இல்லை என்றால் அந்த அம்புக்குறி போய்ச் சேர ஓர் இடம் இல்லை. ஒரு வகுப்பில் இடைவேளையில் மறுபடி கூப்பிடுகிறார்கள், இன்னொரு வகுப்பில் பக்கத்துத் தெருப் பிள்ளையிடம் விசாரிக்கிறார்கள். காய்ச்சலில் வீட்டில் படுத்திருக்கும் பிள்ளையும், வீட்டிலிருந்து கிளம்பி இங்கே வந்து சேராத பிள்ளையும் அந்த இடத்தில் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். இதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

அதனால் அந்த இடத்தை மாற்றியிருக்கிறோம். 9.45-க்குள் வராதவர்கள் பட்டியல் அலுவலகத்துக்கு வந்துவிடும். முதல் எண்ணில் எடுக்காவிட்டால் உடனே இரண்டாவது எண். அதிலும் கிடைக்காவிட்டால் 10.15-க்குள் எனக்குச் சொல்லிவிடுவார்கள். உங்கள் பகுதியில் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரை வீட்டுக்கே போய்ப் பார்க்கச் சொல்வேன்.

இது நடக்க உங்களிடமிருந்து இரண்டு எண்கள் வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவான எமிஸில் இருப்பது பழைய எண் என்றால் மாற்றித் தாருங்கள். வெளியூரில் வேலை செய்யும் அப்பாவின் எண் மட்டும் போதாது. பாட்டி, சித்தி, எதிர்வீட்டு அக்கா என்று பகலில் ஊரில் இருப்பவர் ஒருவரின் எண்ணும் வேண்டும். விடுப்பு என்றால் 9 மணிக்குள் வகுப்பாசிரியருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

எங்கள் படம் மணி அடித்த பிறகுதான் தொடங்குகிறது. வீட்டு வாசலிலிருந்து பள்ளி கேட் வரை உள்ள வழி உங்களுக்குத்தான் தெரியும். எந்த பஸ், யாருடன் வருகிறார்கள், பஸ் வராவிட்டால் என்ன செய்வார்கள், இதைப் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை.

புதிய படம் அலுவலக வாசலில் ஒட்டியிருக்கிறது, பக்கத்தில் பென்சிலும் இருக்கிறது. உங்கள் வீட்டுக்குச் சரிப்படாத இடம் ஏதாவது கண்ணில் பட்டால் அங்கேயே குறித்துவிட்டுப் போங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் பேசப்போகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்