கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவத் தேர்வு முடிந்துவிட்டது. விடைத்தாள்கள் விடுமுறைக்குப் பிறகு கிடைக்கும். உபஜில்லா கலோத்சவத்தில் (துணை மாவட்டப் பள்ளிக் கலைவிழா) நம் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள், அறிவியல் கண்காட்சியிலும் பரிசு வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. மாணவர்களுக்கான மாலை வகுப்பு ஜனவரியிலும் தொடரும். எல்லோருக்கும் வாழ்த்துகள்.

அப்புறம், ஆண்டு விழா.

விழாவைத் தொகுத்து வழங்கியது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. தமிழிலும் மலையாளத்திலும் தடுமாறாமல் பேசக்கூடியவள் என்பதால் ஆசிரியர்கள் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். நடுவில் கரண்ட் போய் மைக் நின்றபோது, ஜெனரேட்டர் ஓடும்வரை வெறும் குரலில் விடுகதை போட்டு மொத்தக் கூட்டத்தையும் உட்கார வைத்தாள். வந்திருந்த நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள்.

அன்று இரவே வாட்ஸ்அப் குழுவில் அவள் படத்தின் கீழே, "கொஞ்சம் கலரா, லட்சணமா ஒரு பொண்ணு கிடைக்கலையா?" என்று ஒரு செய்தி. அதற்குச் சிலர் சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தார்கள். அம்மாவின் போனில் அந்தப் பிள்ளை அதைப் படித்திருக்கிறாள். மறுநாள் பள்ளிக்கு வரவில்லை.

யாரையும் குறைசொல்லும் நோக்கம் இல்லை. வீட்டில் பேசிப் பழகிய பேச்சு கை தவறிக் குழுவுக்கு வந்திருக்கலாம். ஆனால் குழுவில் மற்ற விழாப் படங்களுக்கு வந்த பாராட்டுகளையும் நான் படித்தேன். மாணவர்களுக்கு "நல்லாப் பேசினான்", "கலக்கிட்டான்" என்று எழுதியிருக்கிறீர்கள். மாணவிகளுக்கு "செம அழகு", "பொம்மை மாதிரி". மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து ஆடியவளின் அபிநயத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

வெயிலில் கறுத்துவிடுவாள் என்று கோ-கோ பயிற்சியிலிருந்து மகளை நிறுத்தச் சொல்லி இந்தப் பருவத்தில் சில அம்மாக்கள் வந்தார்கள். நம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து வெயிலுக்கு யார்தான் கறுக்கவில்லை! புத்தகப் பைக்குள் சிவப்பழகு க்ரீமும் வருகிறது. பக்கத்து மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில், ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 15 பேரில் 13 பேர் அப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்கள் என்று அங்குள்ள மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். காரணம் க்ரீமில் இருந்த பாதரசம். 2023-இல் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று கடைகளில் சோதனை போட்டதும் உரிமம் இல்லாத இப்படிப்பட்ட அழகுப் பொருள்களைப் பிடிக்கத்தான். லேபிளில் தயாரிப்பாளர் பெயரும் உரிம எண்ணும் இல்லாத எதையும் பிள்ளைகளுக்கு வாங்கித் தராதீர்கள்.

நம் கேரள மாநிலத் தலைமைச் செயலாளராக இருந்த சாரதா முரளீதரன் 2025 மார்ச்சில் ஃபேஸ்புக்கில் எழுதியதைப் பலர் படித்திருப்பீர்கள். அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர் அவர் கணவர். கணவரின் பணிக்காலம் எவ்வளவு வெள்ளையோ, இவருடையது அவ்வளவு கறுப்பு என்று யாரோ சொன்னார்களாம். நான்கு வயதில், தன்னை மறுபடி வயிற்றில் வைத்து வெள்ளையாகப் பெற்றுத் தர முடியுமா என்று அம்மாவிடம் கேட்டதையும் எழுதியிருந்தார். அந்தக் கேள்வி ஓய்வு பெறும் வயதிலும் அவருக்கு மறக்கவில்லை.

ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு மாணவியின் நிறம், முகம், உடம்பு பற்றி இனி யாராவது எழுதினால், குழுவில் ஆசிரியர்கள் மட்டும் எழுதும்படி மாற்றிவிடுவோம். எழுதியவர் அலுவலகத்துக்கு வந்து என்னிடம் பேச வேண்டியிருக்கும். "சும்மா தமாஷுக்கு" என்ற பதிலை ஏற்க மாட்டேன். மேடைக்கு ஆள் எடுப்பது பள்ளியின் வேலை, பெண் பார்க்கும் படலம் அல்ல.

சரி, கடுமை போதும். நம்மில் பல அம்மாக்கள் இதே பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான், தெரியும். அன்று இரவே "பிள்ளை அருமையாகப் பேசினாள், மனசைக் கஷ்டப்படுத்தாதீர்கள்" என்று முதலில் எழுதியது ஒரு தாத்தா. செய்தியைப் போட்டவரும் காலையில் தானாகவே அழித்துவிட்டார். இருவருக்கும் நன்றி.

இளநீர் இறக்கித் தந்த தோப்புக்காரர்களுக்கும், ஜெனரேட்டர் கொண்டுவந்த அப்பாவுக்கும், பாத்திரம் கழுவும்வரை நின்ற பெற்றோர் ஆசிரியர் சங்க (பிடிஏ) அம்மாக்களுக்கும் பள்ளி கடமைப்பட்டிருக்கிறது. பள்ளி திறந்த முதல் வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்கு பிடிஏ கூட்டம். தொகுத்து வழங்கப்போவது அதே மாணவிதான். அப்பாக்களும் வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை