நீர் ஆலைக்கு, வாயு மின்சாரத்துக்கு, மணிச்சத்து யாருக்கு?

தமிழ்நாடு அரசின் நகராட்சி நிர்வாகம், குடிநீர் வழங்கல் துறைக்கும் வேளாண்மை – உழவர் நலத்துறைக்கும் டெல்டா உழவர் ஒருவரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். மணிச்சத்து (பாஸ்பேட்) தரும் டிஏபி உரத்தின் தட்டுப்பாட்டைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதன் மூலப்பொருளான பாறை பாஸ்பேட்டில் பெரும்பகுதி கடல் கடந்து வருவதும், உலக இருப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மொராக்கோவிலும் மேற்கு சகாராவிலும் முடங்கிக் கிடப்பதும், 2021 முதல் சீனா உர ஏற்றுமதியை இறுக்கிப் பிடித்திருப்பதும் நீங்கள் அறிந்தவைதாம். எனவே கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சென்னையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் ஒன்றிலாவது மணிச்சத்தைப் பிரித்தெடுக்கும் அமைப்பை நிறுவி, கிடைக்கும் உரத்தை உழவர்களுக்கு வழங்குங்கள்.

இந்தத் தட்டுப்பாடு வயலில் என்ன செய்கிறது என்பதற்கு நெல் தரிசு உளுந்து ஒன்றே போதும். சம்பா அறுவடைக்குப் பத்து நாள் முன்பு, நிற்கும் பயிருக்குள்ளேயே ஈரத்தில் உளுந்தைத் தெளிக்கிறோம். உழவும் கிடையாது, அடியுரமும் கிடையாது. அந்தப் பயிருக்குக் கைகொடுப்பது இலைவழித் தெளிப்புதான். நான்கு கிலோ டிஏபியை முதல் நாள் இரவே ஊறவைத்து, காலையில் தெளிந்த நீரை வடிகட்டி, ஏக்கருக்கு 200 லிட்டராகக் கலந்து பூக்கும் தருணத்தில் ஒருமுறை, பதினைந்து நாள் கழித்து மறுமுறை அடிக்க வேண்டும் என்று உங்கள் வேளாண் அலுவலர்கள்தாம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இந்தப் பருவத்தில் எங்கள் தெருவில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு மூட்டைக்காக அலைந்தோம். 1,350 ரூபாய் மூட்டை வேண்டுமென்றால் கூடவே இரண்டு நுண்ணூட்டப் புட்டிகளையும் வாங்கியாக வேண்டும் என்றார் கடைக்காரர். கடன் சொல்லி அதையும் வாங்கி வந்து தெளிப்பதற்குள் முதல் பூ உதிர்ந்துவிட்டது. உதிர்ந்த பூவுக்கு எந்த மானியமும் ஈடாகாது.

இப்போது சென்னைக்கு வருகிறேன். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து, ஒவ்வொன்றிலும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீரைத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் திறன் இருக்கிறது. கசடைச் செரிக்கவைக்கும் கலன்களிலிருந்து வரும் வாயுவை எரித்து மின்சாரமும் எடுக்கிறீர்கள். இரண்டையும் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால், அந்தக் கழிவுநீரில் நீர் ஆலைக்குப் போகிறது, வாயு மின்சாரமாகிறது. நாங்கள் விளைவித்த அரிசியிலும் பருப்பிலும் ஏறி நகரத்துக்குப் போன மணிச்சத்து மட்டும் எங்களிடம் திரும்பி வருவதில்லையே, ஏன்?

முறை உங்கள் பொறியாளர்களுக்குத் தெரிந்ததுதான். செரித்த கசடைப் பிழியும்போது வடியும் நீரில் அம்மோனியாவும் பாஸ்பேட்டும் செறிந்திருக்கும். அதே நீர்தான் குழாய்களின் உட்புறத்தில் வெள்ளைக் கல்லாகப் படிந்து, அவற்றை அடைத்து, பராமரிப்பவர்களைப் பாடாய்ப் படுத்துவது. அந்தக் கல்லின் பெயர் ஸ்ட்ரூவைட். குழாயில் தானாகப் படிவதை ஒரு கலனுக்குள் நாமே படியவைத்தால் அது உரம்: நீரில் காற்றைச் செலுத்திக் காரத்தன்மையை உயர்த்தி, மக்னீசியம் சேர்த்தால் மணிகளாகத் திரண்டு அடியில் தங்கும். மக்னீசியத்துக்கு அலைய வேண்டியதில்லை. வேதாரண்யத்திலும் மரக்காணத்திலும் உப்பு வாரிய பின் பாத்திகளில் எஞ்சும் கசப்பு நீரில் அது நிறையவே இருக்கிறது. கசடை அப்படியே வயலில் கொட்டினால் கன உலோகங்களும் நோய்க்கிருமிகளும் கூடவே வந்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. திரண்ட மணிகளில் அந்த ஆபத்து மிகக் குறைவு. அவற்றில் ஏறக்குறைய 28 சதவீத மணிச்சத்தும், கொஞ்சம் தழைச்சத்தும் (நைட்ரஜன்), மக்னீசியமும் உண்டு.

இது எளிதில் நீரில் கரையாது. எனவே உளுந்தின் மேல் தெளிக்க உதவாது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. மெல்லக் கரைந்து வேருக்குக் கிடைப்பதால் சம்பாவின் அடியுரத்துக்கு இது பொருந்தும் என்று நம்புகிறேன். அடியுரத்தில் ஒரு பங்கை இது ஏற்றுக்கொண்டால், தெளிப்புக்குத் தேவையான டிஏபியாவது மிஞ்சும்.

பாஸ்பேட் சுரங்கமே இல்லாத ஜெர்மனி 2017 இல் சட்டம் இயற்றி, ஒரு லட்சம் பேருக்கு மேற்பட்டோரின் கழிவைச் சுத்திகரிக்கும் அளவிலான நிலையங்களில் 2029 முதலும், ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவற்றில் 2032 முதலும் மணிச்சத்தை மீட்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அங்கே சட்டமே வந்துவிட்டது. இங்கே நான் கேட்பது ஒரே ஒரு நிலையம்.

ஆற்றாமையோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சாக்கடை கலக்கும் ஆறு, வாய்க்கால், ஏரி எதை எடுத்தாலும் வெங்காயத்தாமரை மூடிக் கிடக்கிறது. அது தின்று கொழுப்பதும் இதே தழைச்சத்தையும் மணிச்சத்தையும்தான். மேட்டூர் திறக்கும் முன்பு இயந்திரம் வைத்து அதை வாரிக் கரையில் போடுகிறீர்கள். அடுத்த ஆண்டு மறுபடி வாருகிறீர்கள். உரத்துக்கு அந்நியச் செலாவணி ஒரு பக்கம், அதே சத்தில் வளரும் களையை அகற்ற வரிப்பணம் இன்னொரு பக்கம். இரண்டு செலவும் இரு வேறு துறைகளின் கணக்கில் இருப்பதால் யாரும் சேர்த்துக் கூட்டிப் பார்ப்பதில்லை. கழிவுநீர் ஒரு துறை, உரம் இன்னொரு துறை, வாய்க்கால் மூன்றாவது துறை என்று நாங்கள் மனுவோடு எத்தனை வாசல்தான் ஏறி இறங்குவது?

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். கோரிக்கை அதேதான்: செரிகலன்கள் இயங்கும் ஒரு நிலையத்தில் மணிச்சத்தை மீட்கும் அமைப்பை நிறுவுங்கள். அதை உரமாக விற்பதற்கு வேண்டிய அனுமதிகளை அரசே முன்னின்று பெற்றுத் தாருங்கள். முதலில் கிடைக்கும் உரத்தை ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொடுத்து, டிஏபி இட்ட பாத்திக்குப் பக்கத்திலேயே ஒரு சம்பாப் பருவம் சோதித்து, விளைச்சலையும் உலோக அளவையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். சோதனைக்கு உழவர் வயலும் வேண்டுமென்றால் என் வயலில் ஒரு மா (ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏக்கர்) நிலத்தை ஒதுக்கித் தருகிறேன். இரு துறைகளும் கலந்து பேசி, எப்போது தொடங்க முடியும் என்பதை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்ட உழவர் ஒருவர்