தானா ஆற்று முரசைத் திருப்பிக் கொடுங்கள்: பிரிட்டிஷ் அருங்காட்சியக அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர் குழுவினருக்கு,

வணக்கம். ங்காஜி முரசு உங்கள் கைக்கு வந்த கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கென்யாவின் தானா ஆற்றங்கரையில் வாழும் போகோமோ மக்களிடமிருந்து 1902-ல் காலனி அதிகாரிகள் பறித்தார்கள். 1908-ல் அது உங்களிடம் ‘நன்கொடை’யாக வந்து சேர்ந்தது. அதை உரியவர்களிடம் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்பதும் நீங்கள் அறிந்ததுதான். குடிசைக்கு வரி வந்திருந்தது, அதையும் அன்றைய காலனி நாணயமான ரூபாயில் கட்டச் சொன்னார்கள். ஆற்று வெள்ளத்தை நம்பி நெல்லும் வாழையும் போட்டு, மீன் பிடித்துப் பிழைத்தவர்களிடம் ரூபாய்க்கு எங்கே போவது? ஒரு பக்கம் அதிகாரி, இன்னொரு பக்கம் மிஷனரி. இதற்கு நடுவே ஊர்களைச் சேர்த்துப் பிடித்திருந்தது கிஜோ என்ற மூப்பர் சபை. முரசு அந்தச் சபையுடையது. காட்டுக்குள் மறைவாக வைத்திருப்பார்கள். ஊரார் அதைக் கண்ணால் பார்த்ததில்லை, அதன் முழக்கத்தைக் கேட்டிருப்பார்கள், அவ்வளவுதான். வழிபாட்டுக்குக் கூப்பிட்டதும் புதிய அரசர் வந்ததைச் சொன்னதும் அந்த முழக்கம்தான். ஏதோ ஒரு மரச்சாமான் என்று நினைத்து எடுத்துப் போனார்கள் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். 1914-ல் கிரியாமா மக்களின் புனித இடமான காயா ஃபுங்கோவை வெடி வைத்துத் தகர்த்ததும் இதே நிர்வாகம்தானே.

சரி, எடுத்துப் போய் என்ன செய்தீர்கள்? கிடங்கில் வைத்திருக்கிறீர்கள். உங்களிடம் இருக்கும் சுமார் 80 லட்சம் பொருட்களில் ஒரு சதவீதம்தான் பார்வைக்கு இருக்கிறது. அதிலும் இந்த முரசுக்கு இடமில்லை. போகோமோ அரச பரம்பரையில் வந்த ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் லண்டன் வரை வந்து அதைப் பார்த்தார். தன் முன்னோர் முரசைப் பார்க்க அவருக்கு விசா வேண்டும், விமான டிக்கெட் வேண்டும், உங்கள் அனுமதி வேண்டும். எல்லாம் கிடைத்துக் கிடங்கில் அதன் முன்னே நின்றபோது அவர் அழுதுவிட்டார். அப்புறம் வெறுங்கையோடு ஊர் திரும்பினார். உங்களில் எவருக்காவது இது உறுத்தவில்லையா?

பொருட்களைக் கொடுக்க விடாமல் 1963-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் அருங்காட்சியகச் சட்டம் தடுக்கிறது என்பீர்கள். கென்யா விடுதலை பெற்றதும் அதே 1963-ல்தான். புதிய நாட்டின் தேசிய கீதத்துக்கு மெட்டு கிடைத்தது ஒரு போகோமோ தாலாட்டிலிருந்து. அவர்கள் பாட்டைக் கொடுத்த வருடத்தில் நீங்கள் பெட்டகத்துக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டீர்கள். அந்தப் பூட்டும் எவ்வளவு உறுதி என்று 2023-ல் உலகம் பார்த்தது: சுமார் 2,000 பொருட்கள் காணாமலோ, திருடுபோயோ, சிதைந்தோ இருந்தன என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். ஆக, உங்கள் இடத்தைவிட்டுப் பொருட்கள் வெளியேறவே முடியாது என்பதில்லை. சொந்தக்காரன் கேட்டால் மட்டும்தான் சட்டம் ஞாபகம் வருகிறது.

2024-ல் அசாந்தே மக்களின் பொன் நகைகளைக் கானாவுக்கு அனுப்பினீர்களே, அதுவும் இரவலாகத்தான். கொள்ளைபோன வீட்டுக்காரனிடம் அவன் அண்டாவையே கொண்டுவந்து, மூன்று வருடத்தில் திருப்பிக் கொடு என்று கையெழுத்து வாங்குவதற்கு நாகரிகமான பெயர் வைத்திருக்கிறீர்கள். போகோமோக்களுக்கு அந்த உபகாரம் வேண்டாம். முரசையே கொடுங்கள்.

இதில் தமிழனுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்கலாம். தமிழ்நாட்டிலிருந்து களவுபோன பத்தூர் நடராசர் சிலை நினைவிருக்கிறதா? அவர் உங்கள் லண்டன் நீதிமன்றத்தில் வழக்காடித்தான் 1991-ல் வீடு திரும்பினார். சாமியை இழந்த ஊரின் நிலை எங்களுக்குத் தெரியும்.

இன்று போகோமோக்களில் பலர் முஸ்லிம்கள், பலர் கிறிஸ்தவர்கள். முரசு வந்தால் யார் வழிபடப் போகிறார்கள் என்றொரு கேள்வியும் வருகிறது. வழிபடுவார்களோ, விழாவுக்கு அடிப்பார்களோ, மறுபடி காட்டுக்குள்ளேயே மறைத்து வைப்பார்களோ, அது அவர்கள் பாடு. பறித்துக்கொண்டு போனவரிடம் அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடுதான் கேட்கிறேன்: ங்காஜியைத் திருப்பிக் கொடுங்கள். சட்டம்தான் தடை என்றால், அதைத் திருத்தித் தரும்படி நாடாளுமன்றத்தை வெளிப்படையாகக் கேட்டு உங்கள் அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். எனக்குப் பதில் எழுத வேண்டாம். தானா ஆற்றங்கரை மூப்பர்களுக்கு எழுதுங்கள், அதில் தேதியையும் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகன்