சரிவில் பாத்தி கட்டித் தந்தவர்களுக்கு நன்றி

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவில் கட்டிய பாத்திகள் இரண்டாவது ஆண்டாக ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாங்கிவிட்டன. மண் கீழே இறங்கவில்லை. கேரட்டும் பூண்டும் நிற்கின்றன. பணம் போட்டது நாங்கள். விஷயம் தெரிந்தவர்கள் வேறு ஆட்கள்.

முதலில் மேஸ்திரி அண்ணன். வந்த அன்றைக்கு மண்வெட்டியையே தொடவில்லை. தண்ணீர் நிரப்பிய டியூபைப் பிடித்து மட்டம் பார்த்து, சரிவின் குறுக்கே முளைக்குச்சி அடித்தார். அந்தக் கோடு வளைந்த இடத்தில் பாத்தியும் வளைந்தது. நேராகப் போட்டால் பார்க்க நன்றாயிருக்குமே என்று கேட்டதற்கு, “பள்ளமான முனையில தண்ணி சேர்ந்து அங்கேயே உடைக்குமுங்க” என்றார். பாத்தியைத் தாங்கும் சுவருக்குச் சாந்து பூசவில்லை. கருங்கல்லை அடுக்கி, மலைப்பக்கம் லேசாகச் சாய்த்து, பின்னால் ஜல்லி கொட்டினார். தண்ணீர் கசிய வழியில்லாமல் பூசிவிட்டால் சுவர் வயிறு தள்ளிவிடுமாம்.

அப்புறம், உருளைக்கிழங்கு போட்டே வாழ்ந்த மேல்தெருப் பெரியவர். பாத்தியின் மேல்மட்டம் உள்பக்கமாகச் சாய வேண்டும், உள்ஓரத்தில் வாய்க்கால் ஓட வேண்டும் என்றது அவர்தான். ஊட்டி மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் சொல்லும் படிமேடை முறையும் இதுவே.

கூரைத் தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பிய பிளம்பர் தம்பிக்கும் நன்றி. 600 சதுர அடிக் கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 2,800 லிட்டர். அது அப்படியே பாத்தியில் விழுந்தால் என்ன மிஞ்சும்?

எல்லோரையும்விட அதிகம் கடன்பட்டிருப்பது கீழ்வீட்டு அக்காவுக்கு. தொட்டி நிரம்பி வழிவதும் பாத்தி வாய்க்கால் தண்ணீரும் அவர் எல்லையோரமாகத்தான் ஓடைக்குப் போயாக வேண்டும். 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்த மலையில், மேலிருந்து வரும் தண்ணீருக்கு யார்தான் சட்டென்று இடம் கொடுப்பார்கள்? அக்கா கொடுத்தார். ஒரே நிபந்தனை: தண்ணீர் வேகம் எடுக்கக் கூடாது. அதனால் வாய்க்கால் நெடுகக் கல்படி வைத்தோம். இரு கரையிலும் நட வெட்டிவேர் நாற்றையும் அவரே பிடுங்கித் தந்தார். இப்போது அது இடுப்பளவு நிற்கிறது.

அக்கா, இந்த வாரம் கேரட் பிடுங்குகிறோம். பெரிய பையாகக் கொண்டு வாருங்கள். மேஸ்திரி அண்ணனுக்கும் பெரியவருக்கும் தம்பிக்கும் வீட்டிலேயே கொண்டுவந்து தருகிறோம்.