பிரெய்ல் பிரிவு ஒலிநாடாக்களைக் கணினியில் பதிந்து காக்க ஆணை கோரும் மனு

அனுப்புநர்:
பார்வையற்ற வாசகர்கள்,
பிரெய்ல் பிரிவு, மாவட்ட மைய நூலகம்.

பெறுநர்:
மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்,
மாவட்ட நூலக ஆணைக்குழு.

பொருள்: பழுதான, தொலைந்த ஒலிநாடாக்களுக்கு மாற்றுப் பிரதி எடுக்க எழுத்துப்பூர்வ ஆணை வேண்டுதல் – தொடர்பாக.
பார்வை: திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் முன்பு அளித்த எங்கள் மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பிரெய்ல் பிரிவு இருக்கும் மாடிப்படியடி அறை தாங்கள் அறிந்ததே. மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறும் மூலையில்தான் ஒலிநாடா அலமாரி நிற்கிறது. அது பற்றிப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது:

1. திருக்குறள் முழுவதையும் பரிமேலழகர் உரையோடு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எங்களுக்காக இதே நூலகத்தில் அமர்ந்து படித்துப் பதிவு செய்து கொடுத்தார். இன்று அவர் உயிரோடு இல்லை. குறளைச் சீர் பிரித்துச் சொல்லி, இலக்கணக் குறிப்பு வரும் இடத்தில் நிதானித்து, மேற்கோளுக்குக் குரலை மாற்றிப் படித்திருப்பார். கைபேசியில் வரும் இயந்திரக் குரல் அதே உரையை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறது. எது குறள், எது உரை என்றே பிரியவில்லை. தமிழ் இலக்கியம் படிக்கும் எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் இந்தக் கேசட்டுகளை நம்பித்தான் தேர்வு எழுதுகிறார்கள்.

2. அந்தக் கேசட்டுகள் செத்துக்கொண்டிருக்கின்றன. விரலால் தடவினால் நாடாவில் பூஞ்சை மாவு போல ஒட்டுகிறது. சிலவற்றில் நாடாவை அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத் துண்டு விழுந்துவிட்டது. டேப் ரிக்கார்டர் நாடாவை உள்ளே இழுத்துச் சுற்றிக்கொள்ளும்போது உதவியாளர் பென்சிலை விட்டுத் திருகிச் சரிசெய்கிறார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கசங்குகிறது. செங்கோன்மை அதிகாரம் பாதியில் குரல் இழுபட்டு நின்றுவிடுகிறது. அடுத்து வரும் கொடுங்கோன்மை தெளிவாகக் கேட்கிறது. குத்திக்காட்ட எழுதவில்லை, உள்ளதை எழுதுகிறோம்.

3. பிரதி எடுக்கக் கேட்டால் "பதிப்புரிமைப் பிரச்சினை வரும்" என்கிறார்கள். பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52(1)(ஓ) மூன்று பிரதிகளுக்கு இடம் தருவது புத்தகத்துக்குத்தான், ஒலிப்பதிவுக்கு இல்லை என்று காட்டுகிறார்கள். சரி. அதற்கு நேர் மேலே (என்) என்று ஓர் உட்பிரிவு இருக்கிறதே, அதை ஏன் யாரும் படிப்பதில்லை? 2012 திருத்தத்தில் வந்தது அது. வணிக நோக்கமற்ற பொது நூலகம், தன்னிடம் டிஜிட்டல் அல்லாத பிரதி இருந்தால், பாதுகாப்புக்காக அந்தப் படைப்பை மின்னணு முறையில் சேமிக்கலாம் என்கிறது. "தன்னிடம் இருந்தால்" என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள், ஐயா. நாடா இருக்கும்வரைதான் அந்தச் சலுகை. கோப்பு மேசை மேசையாக நகர்ந்து முடிவதற்குள் நாடா வீணாகிவிட்டால், பிறகு எதைச் சேமிப்பது? மேலும், இது யாருடைய உரிமை? பரிமேலழகர் ஏழு நூற்றாண்டுகளுக்கு முந்தையவர். அவர் வந்து வழக்குப் போடப் போவதில்லை. ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு, வெளியான பின் 60 ஆண்டு என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் வெற்றுக் கேசட் வாங்கியது நூலகம், பதிவுக்கு ஏற்பாடு செய்தது நூலகத்தின் வாசகர் வட்டம். நூலகம் நூலகத்திடமே அனுமதி கேட்டுக் காத்திருக்கிறதா?

4. துறவறவியல் கேசட் இரவல் போய்த் திரும்பவே இல்லை. அதன் பிரதி ஒரு வாசகர் வீட்டில் இருக்கிறது. தரத் தயாராக இருக்கிறார். அதை வாங்கி வைக்கவும் தயக்கம். மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடிய வடிவில் எந்தப் படைப்பையும் லாப நோக்கமின்றிப் பிரதி எடுத்துத் தரலாம் என்று பிரிவு 52(1)(இசட் பி) சொல்கிறது. பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூல்களைப் பிரதி எடுக்க வழிசெய்யும் மாரகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலில் ஏற்றுக்கொண்ட நாடு இந்தியா. நம் அலமாரி வரை அது இன்னும் வந்து சேரவில்லை.

5. பணம் கேட்கவில்லை. கணினி இருக்கிறது. ஒரு ஒயர் போதும்.

ஆகவே, மீதமுள்ள கேசட்டுகளைக் கணினியில் பதியவும், தொலைந்ததற்கு வாசகரிடம் உள்ள பிரதியைப் பெற்றுக்கொள்ளவும் தங்கள் கையொப்பத்துடன் ஓர் ஆணை வழங்குமாறு மிகவும் பணிந்து வேண்டுகிறோம். மறுப்பதானாலும் எந்தப் பிரிவின்படி என்று எழுதித் தாருங்கள். அடுத்த மழைக்கு முன் தாருங்கள், ஐயா.

பதிலைப் பிரெய்ல் பிரிவு உதவியாளருக்கு அனுப்பினால் எங்களுக்குப் படித்துச் சொல்வார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பிரெய்ல் பிரிவு வாசகர்கள்
(கைரேகைகளும் கையொப்பங்களும் பின்பக்கம்)