கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள், டாக்டர்

மதிப்புக்குரிய பொதுநல மருத்துவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்களில் ஒருவரிடம் "ஒரே அசதியாக இருக்கிறது டாக்டர்" என்று சொல்லி, சத்து மாத்திரை வாங்கிக்கொண்டு போனவன் எழுதுகிறேன். எனக்கு அசதி கிசதி எதுவும் இல்லை. உடலுறவு தொடங்கி ஒரு நிமிடம் ஆவதற்குள் விந்து வெளியேறிவிடுகிறது. திருமணமான நாளிலிருந்து ஆறு வருடமாக இதே கதைதான். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். 'விந்து' என்று சொல்வதா, 'சீக்கிரம் முடிந்துவிடுகிறது' என்று பூசி மெழுகுவதா என்று யோசித்து, கடைசியில் இரண்டாவதை வைத்துக்கொண்டேன். என் டோக்கன் 14. உள்ளே போனால் 15-ம் 16-ம் எனக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் மடியில் காய்ச்சலோடு குழந்தை. நர்ஸ் கதவைப் பாதி திறந்து பிடித்தபடி அடுத்த பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். டாக்டர் எழுதிக்கொண்டே, நிமிராமல், "என்ன பண்ணுது?" என்றார். அந்த இடத்தில் யாருக்கும் அசதிதான் வரும்.

ஒரே ஒரு முறை, வேறொரு மருத்துவரிடம் வாயைத் திறந்து சொல்லியும் பார்த்தேன். சிரித்தார். "எல்லாம் மனசுதான், டென்ஷன் ஆகாதீங்க" என்றார். அடுத்தவரை வரச் சொன்னார். என் பிரச்சினையைவிடச் சீக்கிரமாக அந்த ஆலோசனை முடிந்துவிட்டது.

மனசும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் மனசு மட்டும்தான் என்றால், தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களில் பலருக்கு அதைச் சரிசெய்ததும் இதுவும் குறைவது எப்படி? புராஸ்டேட் அழற்சி, விறைப்புக் குறைபாடு இவற்றோடும் சேர்ந்து வருகிறதே? தொடக்கத்திலிருந்தே இருக்கிறதா, நடுவில் வந்ததா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால்கூட அவருக்குப் பாதி வழி தெரிந்திருக்கும். 2014-ல் பாலியல் மருத்துவத்துக்கான சர்வதேசச் சங்கம் வகுத்த வரையறையே அதைத்தான் முதலில் பிரிக்கிறது: முதல் அனுபவத்திலிருந்தே ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் முடிவது ஒரு வகை, நன்றாக இருந்து, பிறகு சுமார் மூன்று நிமிடமோ அதற்கும் குறைவாகவோ சுருங்குவது இன்னொரு வகை. தள்ளிப்போட முடியாததும், அதனால் மனம் நொந்துபோவதும் இரண்டுக்கும் பொது.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? விந்து வரப்போகும் நேரத்தில் நிறுத்தி, அடங்கியதும் மறுபடி தொடங்கும் பயிற்சியை ஜேம்ஸ் செமன்ஸ் என்ற மருத்துவர் எழுதியது 1956-ல். உணர்ச்சியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும் மரப்புக் களிம்புகள் இருக்கின்றன. துடைக்காமல் விட்டால் துணைக்கும் மரத்துப்போகும் என்பதை யாராவது சொல்லித்தான் தர வேண்டும். மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள் இதைத் தள்ளிப்போடுகின்றன. அவற்றைத் தானாக வாங்கிப் போடவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. அதனால்தான் உங்களிடம் வருகிறோம்.

நீங்கள் கேட்காததை வேறு சிலர் கேட்கிறார்கள். 'ஆண்மைக் குறைவா?' என்று விளம்பரம் போடுகிறவர்களுக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அவர்கள் உட்காரவைத்து, கதவைச் சாத்தி, அரை மணி நேரம் காது கொடுத்துக் கேட்கிறார்கள். பிறகு இளம் வயதில் செய்த சுயஇன்பம்தான் காரணம், நரம்பு செத்துவிட்டது என்று பயமுறுத்தி, என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத லேகியத்தைத் தலையில் கட்டுகிறார்கள். மூலிகை என்று சொல்லி விற்ற இப்படிப்பட்ட சரக்குகளில் விறைப்புக்குத் தரும் ஆங்கில மருந்தான சில்டெனாஃபில் கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. அவர்கள் மருந்து பொய். கேட்கும் பொறுமை மட்டும் உண்மை. அதைக்கூட அவர்களிடம் போய்த்தான் வாங்க வேண்டுமா?

அப்புறம் இந்த 'ஒரு மணி நேரம்' புளுகர்கள். ஐந்து நாடுகளில் தம்பதிகள் கையில் ஸ்டாப்வாட்ச் கொடுத்து அளந்த ஆய்வு 2005-ல் வெளிவந்தது. விந்து வெளியேற ஆன நேரத்தின் நடு அளவு 5.4 நிமிடம், அதாவது பாதிப் பேருக்கு அதற்கும் குறைவு. நண்பர்கள் கூட்டத்தில் பேசுகிற பேச்சைக் கேட்டால் அந்த ஐந்து நாட்டு ஆண்களுக்கும் சேர்த்துச் சிகிச்சை தர வேண்டியிருக்கும். ஒன்றுமே இல்லாதவனைக்கூட நோயாளி ஆக்குவது இந்தப் பேச்சுதான். அவனிடம் "உங்களுக்கு எதுவும் இல்லை, போய் வாருங்கள்" என்று சொல்லவும் ஒரு டாக்டர் வேண்டும்.

சரி, எங்கேயோ போய்விட்டேன்.

என் மனைவி ஒருநாளும் குறை சொன்னதில்லை. "பரவாயில்லை" என்பாள். ஆறு வருடத்தில் அந்தச் சொல்லின் எல்லாத் தொனியும் எனக்கு அத்துப்படி. இப்போதெல்லாம் அவள் தூங்கிய பிறகுதான் படுக்கப் போகிறேன். அவள் தூங்கவில்லை என்பதும் தெரியும்.

உங்கள் கூட்டமும் நேரமின்மையும் புரியாமல் இல்லை. கேட்பது பெரிய காரியமும் இல்லை. சர்க்கரை இருக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று கேட்கிற அதே குரலில், "தாம்பத்தியத்தில் ஏதாவது சிரமம் இருக்கிறதா?" என்று நீங்களே முதலில் கேட்டுவிடுங்கள். அதற்கு முன் பெஞ்சில் இருப்பவர்களை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தச் சொல்லுங்கள். உங்களால் பார்க்க முடியாது என்றால், பார்க்கக்கூடியவர் பெயரை எழுதிக் கொடுங்கள். சிரிக்க மட்டும் வேண்டாம்.

அடுத்த மாதம் ரத்த அழுத்தம் பார்க்க மறுபடி வருகிறேன். தயவுசெய்து கேளுங்கள்.

இப்படிக்கு,
சத்து மாத்திரையை இன்னும் பிரிக்காத டோக்கன் 14