கீழ கைதட்டுறாங்க, நாங்க ஒம்பதாவது மாடில

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

நாங்க மும்பை சயான் கோலிவாடால ஒரு பில்டிங்ல ஒம்பதாவது மாடில இருக்கோம், சொந்த ஊரு திருநெல்வேலி பக்கம். பையனுக்கு பன்னெண்டு வயசு, ஆட்டிசம், கூடவே வலிப்பும் உண்டு. போன மாசம் எங்க சொசைட்டில ஃபயர் மாக் டிரில், அதான் தீ புடிச்சா தப்பிக்கிற ஒத்திகை, வச்சாங்க. சைரன் அடிச்சதும் இவன் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு கட்டிலுக்கு அடியில போயி சுவத்தோட ஒட்டிக்கிட்டான், நான் தரையில படுத்து கைய நீட்டி கெஞ்சிக்கிட்டு கெடக்கேன், கீழ காம்பவுண்டுல எல்லாரும் வந்தாச்சுன்னு மைக்ல சொல்லி கைதட்டுறாங்க. சன்னல் வழியா எல்லாம் கேக்குது. செக்ரட்டரிய குறை சொல்லல, நல்ல மனுசன், பொங்கலுக்கு காம்பவுண்டுல பானை வைக்க முதல் ஆளா நிப்பாரு. அவர் கையில இருந்த லிஸ்ட்ல ஃப்ளாட் நம்பரும் மெயின்டனன்ஸ் பாக்கியும்தான் இருந்துச்சு, இப்படி ஒரு புள்ள இருக்குன்னு அதுல இல்ல.

சட்டத்துல இருக்கு சார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 8வது பிரிவுல, மாவட்ட பேரிடர் மேலாண்மை ஆணையம் இவங்க விவரத்த பதிவு பண்ணி வைக்கணும், ஆபத்து வந்தா தகவல் சொல்ல ஏற்பாடு பண்ணணும்னு தெளிவா போட்டிருக்கு. சரி, ஆனா அந்தப் பதிவு எவ்வளவு ஒழுங்கா இருந்தாலும் தீ புடிச்ச அஞ்சு நிமிசத்துல எங்க வாட்ச்மேன் கைக்கு வந்து சேராது. அதனால நம்ம புள்ள இருக்கான்னு நாமதான் முன்னாடியே போயி சொல்லணும், நானும் வெக்கப்பட்டுக்கிட்டு இத்தன வருசம் சொல்லாம இருந்தவதான்.

2005 ஜூலை 26ல சாந்தாக்ரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் கொட்டுச்சே, அப்ப எனக்கு கல்யாணம் ஆகல, தாராவில இருந்தோம், ஒருத்தர் கைய ஒருத்தர் புடிச்சுக்கிட்டு தண்ணில நடந்தோம். இவன் யார் கையையும் புடிக்க மாட்டான். 2020 அக்டோபர் 12 ஊரு முழுக்க கரெண்ட் போயி லோக்கல் ட்ரெயினும் நின்னுச்சு பாருங்க, அன்னைக்கு இவன் செத்துப்போன லிஃப்ட் பட்டன அமுக்கிக்கிட்டே நின்னான், படிக்கட்டு பக்கம் ஒரு அடி வைக்கல. அப்ப ஏழு வயசு, தூக்கிட்டேன். இப்ப நாப்பத்திரெண்டு கிலோ. தீ புடிச்சா லிஃப்ட்ல ஏறவே கூடாதுன்னு நமக்குத் தெரியும், அவனுக்கு யாரு சொல்றது. அதான் டிரில் முடிஞ்சதுலேர்ந்து ஞாயித்துக்கிழமை தோறும் ஒரு மாடி இறங்கி பழக்குறேன், மாடிக்கு ஒரு நேந்திரங்கா சிப்ஸ். ஆறாவது மாடி வரைக்கும் வந்துட்டோம், அங்க ஒரு வீட்டுல நாய் குரைக்கும், அதோட திரும்பிடுவான்.

கதவுக்குப் பின்னாடி ஒரு பை தொங்குது. ஒரு வாரத்துக்கு மாத்திரை, சீட்டு ஜெராக்ஸ், யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) ஜெராக்ஸ், காதுக்கு மாட்டுற ஹெட்ஃபோன், அவன் மோந்து பாக்குற பழைய தலகாணி உறை, சமீபத்துல எடுத்த போட்டோ. மாத்திரைய மாசா மாசம் மாத்தி வைக்கணும், இல்லன்னா டேட் முடிஞ்சு போயிரும், ஒருதடவ எனக்கே அப்படி ஆச்சு.

பைய விட முக்கியம் ஒரு பேப்பர். காப்பாத்த வர்றவங்க மராத்தி, இந்தி பேசுவாங்க, சலோ பேட்டாம்பாங்க, இவனுக்கு அது வெறும் சத்தம். வா ராசா, ஒண்ணுமில்ல, இதுதான் புரியும். அதனால மராத்தி எழுத்துலயே அந்த தமிழ் வார்த்தைங்கள எழுதி வச்சிருக்கேன். பின்னாடி இருந்து புடிக்காதீங்க, முதல்ல ஹெட்ஃபோன் மாட்டுங்க, பயந்தா கட்டிலுக்கு அடியில பாருங்க. வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, கையில சாவி குடுக்காதீங்க, வாயில எதையும் திணிக்காதீங்க, அஞ்சு நிமிசம் தாண்டினா டாக்டர் எழுதிக் குடுத்த மூக்கு ஸ்ப்ரேய அடிச்சுட்டு 108க்கு போன் பண்ணுங்க. இதுல ஒரு காப்பி வாட்ச்மேன் கேபின்ல, ஒண்ணு எதிர்வீட்டு மராத்தி மாவுஷி (சித்தி மாதிரி) கிட்ட. மாவுஷி வா ராசான்னு சொல்லிப் பழகிட்டாங்க, "ழ" எதுவும் வராததால நல்லாவே சொல்றாங்க!

செக்ரட்டரி கிட்ட பேசிட்டேன். அடுத்த டிரில்ல எங்க வீட்டுக்கு ரெண்டு ஆள் மேல வரணும், வயசானவங்க, வீல்சேர்ல இருக்குறவங்க வீட்டுக்கும் அப்படியே, கீழ தலைய எண்ணி பாத்துட்டுதான் கைதட்டணும்னு. சரின்னாரு.

உங்க கிட்ட கேக்குறது ஒண்ணுதான் சார். இந்த பேப்பர் மாதிரி ஒரு ஃபாரம், தமிழ்லயும் மராத்திலயும், பேரு, மருந்து, புரியுற வார்த்தை, எதுக்கு பயப்படுவான்னு கட்டம் போட்டு, அடியில ஃபயருக்கு 101, பிஎம்சி (மும்பை மாநகராட்சி) பேரிடர் நம்பர் 1916, பொதுவா 112 போட்டு, மழைக்கு முன்னாடி ஒரு நாள் உங்க பேப்பர்ல அரைப்பக்கம் வெளியிடுங்க. வெட்டி எடுத்து கதவுல ஒட்டிக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு அம்மா,
சயான் கோலிவாடா, மும்பை